உல்லன் கடை வழியாகக் கொடைக்குப் பின்னுவது: முதல் விசாரிப்பிலிருந்து பெட்டி போய்ச் சேரும் வரை

கொடைக்காகப் பின்னிய பொருள் வீணாகிறது என்றால், பின்னல் மோசமாக இருந்ததுதான் காரணம் என்பது அபூர்வம். போகிற இடத்தில் துவைக்கிற முறையை நூல் தாங்காது, அல்லது அளவு யாருக்கும் பொருந்தாது, அல்லது குளிர் முடிந்த பிறகு பெட்டி வந்து நிற்கும். மூன்றுமே ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்கள். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் கண்ணி (ஊசியில் மாட்டும் நூல் வளையம்) ஏற்றுவதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

உல்லன் நூல் கடையை நடுவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். தனியாகப் பின்னுபவர் இரண்டு குல்லாவைத் தூக்கிக்கொண்டு ஒரு காப்பகத்துக்கோ மருத்துவமனைக்கோ போய் நின்றால், வாங்கிக்கொள்ள அங்கே ஆளும் நேரமும் இருப்பதில்லை. அதே இடம், அளவு பிரித்துக் கட்டிய 60 குல்லாக்கள் வருகிற பெட்டியை வரவேற்கும். கடையில் நூல் இருக்கிறது, பின்னத் தெரிந்தவர்கள் வந்து போகிறார்கள், சிக்கலில் மாட்டியவருக்குச் சொல்லித்தர ஒரு கை இருக்கிறது, பெட்டி வைக்க ஒரு மூலையும் இருக்கிறது.

யாருக்கு, என்ன வேண்டும்

முதல் வேலை தொலைபேசியில். பெறப்போகும் இடத்தைக் கூப்பிட்டு, பொருளைக் கையில் வாங்கிப் பகிர்ந்து கொடுக்கிறவரிடமே பேசுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவர் "எது கொடுத்தாலும் சந்தோஷம்" என்றுதான் சொல்வார், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டியவை இவை:

- எந்த வயதினர், சுமாராக எத்தனை பேர்?
- எப்படித் துவைப்பார்கள்? இயந்திரத்திலா, சூடான நீரிலா, உலர்த்தும் இயந்திரத்திலும் போடுவார்களா?
- கம்பளி ஏற்பார்களா, அக்ரிலிக் என்ற செயற்கை இழை மட்டும்தானா?
- துவைத்துத் தர வேண்டுமா? ஒவ்வொன்றும் தனிப் பையிலா?
- எந்தத் தேதிக்குள், எந்த நேரத்தில், யார் வாங்கிக்கொள்வார்?
- எது ஏற்கனவே குவிந்து கிடக்கிறது?

கடைசிக் கேள்விதான் அதிகம் உதவும். கைக்குழந்தைக் குல்லா சீக்கிரம் முடியும், பார்க்கவும் அழகு. எல்லோரும் அதையே பின்னுவதால் பல இடங்களில் அது தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. பெரிய தலைக்கான ஆண்கள் குல்லாவும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கையுறையும் எப்போதும் பற்றாக்குறை. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் எண்ணெய்க் கசிவில் சிக்கிய குட்டிப் பென்குவின்களுக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்ற வேண்டுகோள் உலகம் முழுக்கப் பரவி, தேவைக்குப் பல மடங்கு வந்து குவிந்தது. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குவின்களுக்குப் போட்டு விற்று நிதி திரட்டினார்கள். அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். ஒரு சின்னக் காப்பகத்துக்கு அந்த வசதி கிடையாது.

கேட்டதை ஒரே தாளில் எழுதிவிடுங்கள்: பெறும் இடம், பொருள், அளவுகள், நூல் வகை, வேண்டாதவை, கடைசித் தேதி. கடையில் ஒட்டப்போவது இந்தத் தாள்தான். இரண்டாம் பக்கம் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கடைக்காரரிடம் பேசுவது

கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், அந்தத் தாளோடு. "ஏதாவது நல்லது செய்யலாமே" என்று தொடங்கினால் எல்லாச் சுமையும் அவர் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். யார் பெட்டியைக் காலி செய்வது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, சரிபார்ப்பது யார், கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்பதற்கு நீங்களே பதிலோடு போனால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். அவரிடம் கேட்பது மூன்று மட்டும்: பெட்டிக்கு இடம், தாள் ஒட்ட இடம், வாரத்தில் ஒரு நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பின்ன இரண்டு மணி நேரம்.

நூலை இலவசமாகக் கேட்க வேண்டாம். அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஒரே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலில்) ஒன்றிரண்டு உருண்டைகளே மிஞ்சி, ஸ்வெட்டருக்குப் போதாமல் அலமாரியில் தூங்கும் நூல் எல்லாக் கடையிலும் இருக்கும். குல்லாவுக்கு ஓர் உருண்டை போதும் என்பதால் அதைக் கொடைப் பின்னலுக்கென்று சலுகை விலையில் ஒதுக்கக் கேட்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் மிஞ்சிய நூலைப் போட ஒரு கூடையும் வைக்கலாம். ஆனால் அந்தக் கூடைக்கு ஒரு ஆள் வேண்டும். பிரிக்காமல் விட்டால் சீக்கிரமே அது சிக்கெடுக்க முடியாத குவியலாகி, கடைக்காரரின் பொறுமையையும் தின்றுவிடும்.

நல்ல பலன் தருவது பை முறை. ஒரு பையில் 100 கிராம் நூல், ஒரு பக்க வழிமுறை, நூல் விவரச் சீட்டு, திரும்பத் தர வேண்டிய தேதி. எடுத்துப் போகிறவர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் நேரமும் மனமும் இருந்து, எதைப் பின்னுவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இந்தப் பைதான் தேவை. பையில் வைக்கிற வழிமுறையை யார் எழுதியது, நகலெடுத்துப் பகிர அனுமதி உண்டா என்று பாருங்கள். இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது என்பதாலேயே அச்சடித்து விநியோகிக்கலாம் என்று ஆகாது. கீழே உள்ளது போன்ற அடிப்படைக் குல்லாவுக்கு நீங்களே எழுதிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

நூல்

உருண்டையின் சீட்டில் பார்க்க வேண்டியவை நூலின் கலவை, எடையும் மீட்டரும், பருமன் எண், சாயத் தொகுதி எண், துவைக்கும் குறிகள். பருமன் எண் 4 என்றால் நடுத்தரப் பருமனான வொர்ஸ்டட், 3 என்றால் அதைவிடக் கொஞ்சம் மெல்லிய டி.கே. கொடைக் குல்லாவுக்கு வொர்ஸ்டட்தான் வசதி. வேகமாக வளரும், போதிய சூடும் தரும். 100 கிராமுக்கு 200 மீட்டர் அளவில் வரும் உருண்டை ஒன்று பெரியவர் குல்லாவுக்குப் போதும். கைக்குழந்தைக் குல்லா 25 முதல் 30 கிராமில் முடிந்துவிடும்.

அக்ரிலிக்கா கம்பளியா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. யாருக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மொத்தமாகத் துவைக்கும் இடங்களுக்கு அக்ரிலிக். சாதாரணக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, அலசல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். பெரியவர் குல்லா ஒரே துவைப்பில் பொம்மைக் குல்லாவாகி வரும், அதைத் திருப்பி நீட்டவும் முடியாது. 'சூப்பர்வாஷ்' என்று போட்ட கம்பளியில் அந்தச் செதில்களைப் பதப்படுத்தி அடக்கியிருப்பார்கள். அது இயந்திரத்தைத் தாங்கும், ஆனால் நனைந்தால் தொய்யும். அதனால் கொஞ்சம் இறுக்கமாகவே பின்னுங்கள்.

வெட்டவெளியில் இரவைக் கழிப்பவர்களுக்குக் கம்பளியோ கம்பளிக் கலவையோ நல்லது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, சூட்டையும் விடாது. குளிருக்குத் தீ மூட்டிச் சுற்றி உட்காருபவர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பொறி பட்டால் கம்பளி கருகி அணைந்துவிடும், அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். இவர்களுக்கு அடர் நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். தினம் துவைக்க வழியில்லாதவருக்கு வெள்ளைக் குல்லா உபயோகப்படாது.

புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியவர்களின் தலைத்தோல் தொட்டாலே உறுத்தும் நிலையில் இருக்கும். மென்மையான அக்ரிலிக், பருத்தி, மூங்கில் கலவை பொருந்தும். நூலைக் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அங்கே அரித்தால் இவர்களுக்கு ஆகாது. உள்ளே தடித்த இணைப்புத் தையலும் முடிச்சும் இருக்கக் கூடாது. வெறும் தலை தெரிகிற மாதிரி ஓட்டை டிசைனும் வேண்டாம்.

பச்சிளங்குழந்தைகளுக்கு மோஹேர் (ஆட்டு முடி), அங்கோரா (முயல் முடி) போன்ற உதிரும் நூல்களைத் தவிருங்கள், மூக்குக்கும் வாய்க்கும் போகும். பட்டன், மணி, நாடா, பாம்பாம் (நூல் குஞ்சம்) எதுவும் வேண்டாம். பிடுங்க வருகிற எதுவும் வாய்க்குள் போகும்.

சீட்டில்லாத பழைய நூல் வந்தால் எரித்துப் பார்ப்பதுதான் வழி. ஐந்து செ.மீ. துண்டை இடுக்கியில் பிடித்து, உலோகத் தொட்டிக்கு மேலே, பக்கத்தில் தண்ணீரோடு பற்றவையுங்கள். முடி கருகும் வாசனை வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் பொடியாகும் சாம்பல் என்றால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கரிய மணியாக நின்றால் அக்ரிலிக். காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் பருத்திக்கு. இரண்டு விதமும் கலந்து தெரிந்தால் கலவை நூல், அதைச் சீட்டிலும் 'கலவை' என்றே எழுதுங்கள்.

பழைய கம்பளியில் இன்னொரு ஆபத்து அந்துப்பூச்சி. ஒரு உருண்டையில் இருந்தால் பெட்டி முழுக்கப் பரவும். நூல் ஆங்காங்கே அறுந்திருந்தாலோ, மணல் போன்ற துகள் ஒட்டியிருந்தாலோ வாங்காதீர்கள். சந்தேகம் மட்டும் என்றால் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள்.

குல்லா: ஐந்து அளவுக்கும் ஒரே முறை

கொடைப் பின்னலில் முதலில் கற்க வேண்டியது இதுதான். கண்ணிகளின் எண்ணிக்கை 8-ஆல் வகுபட்டால் ரிப்பும் (நீண்டு பிடிக்கும் வரிவரியான விளிம்பு) சரியாக வரும், உச்சிக் குறைப்பும் (மேலே கண்ணியைக் குறைத்து மூடுவது) சரியாக வரும். கீழே உள்ள எல்லாம் 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி என்ற கணக்குக்கு.

- பிறந்த குழந்தை: 64 கண்ணி, உச்சிக் குறைப்பு தொடங்கும் முன் உயரம் 9.5 செ.மீ.
- 1 முதல் 3 வயது: 80 கண்ணி, 13 செ.மீ.
- 4 முதல் 10 வயது: 88 கண்ணி, 14.5 செ.மீ.
- பெரியவர்: 96 கண்ணி, 16 செ.மீ.
- பெரிய தலை: 104 கண்ணி, 17 செ.மீ.

96 கண்ணிக் குல்லாவின் சுற்றளவு 48 செ.மீ. தான் வரும். 56 செ.மீ. தலைக்கு அது சிறிதாயிற்றே என்று தோன்றும். பின்னல் நீண்டு பிடித்தால்தான் குல்லா தலையில் நிற்கும், தலையளவுக்கே பின்னினால் காற்றில் கழன்று கண்ணை மறைக்கும்.

முதலில் மாதிரித் துண்டு. கொடைக்குத்தானே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், ஆனால் போட்டுப் பார்க்க ஆள் பக்கத்தில் இல்லாத பொருளுக்குத்தான் இது இன்னும் அவசியம். 10 செ.மீ.க்கு 20-க்குப் பதில் 18 கண்ணி வந்தால் அதே 96 கண்ணிக் குல்லா 53 செ.மீ. ஆகிவிடும், 22 வந்தால் 44-க்குக் குறைந்துவிடும். அதாவது இரண்டே கண்ணி வித்தியாசத்தில் பெரியவர் குல்லா பிள்ளைகள் குல்லாவாகும். 30 கண்ணி ஏற்றி 12 செ.மீ. உயரம் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் அளந்து பாருங்கள். கண்ணி அதிகம் வந்தால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள், குறைவாக வந்தால் சிறிதாக்குங்கள். தட்டையாகப் பின்னும்போது இருக்கும் இறுக்கமும் வட்டமாகப் பின்னும்போது இருக்கும் இறுக்கமும் பலருக்கு ஒன்றாக இராது. ஆகவே குல்லா எட்டு செ.மீ. வளர்ந்ததும் இன்னொரு முறை டேப்பை வைத்துப் பாருங்கள்.

தேவையானவை: ரிப்புக்கு 4 மி.மீ., மேலே 5 மி.மீ. சர்க்குலர் ஊசி (இரு முனையையும் வளையும் கம்பி இணைக்கும் ஊசி), இரண்டும் 40 செ.மீ. நீளம். உச்சிக்கு 5 மி.மீ. டபுள் பாயிண்ட் ஊசி (இரு முனையும் கூரானது) ஒரு செட். சுற்றின் தொடக்கத்தைக் காட்ட ஒரு மார்க்கர், டேப், மழுங்கிய முனையுள்ள தைக்கும் ஊசி. பிறந்த குழந்தைக் குல்லா 40 செ.மீ. ஊசியில் சுற்றி வராது. அதற்கு முதலிலிருந்தே டபுள் பாயிண்ட் ஊசிதான், அல்லது 80 செ.மீ. ஊசியில், மிஞ்சும் கம்பியை வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் மேஜிக் லூப் முறை.

1. கண்ணி ஏற்றுவது. நூலின் நுனியில் நீண்ட வால் விட்டு, அதையும் சேர்த்து ஏற்றும் நீள்வால் முறையில் ஏற்றுங்கள். இங்கே சொல்லும் எண்கள் பெரியவர் அளவுக்கு. வால் எவ்வளவு விடுவது என்பதற்கு, ஊசியில் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி அந்த நீளத்தை அளந்து, 96 கண்ணிக்குப் பத்தால் பெருக்கி, 20 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்றுவதை மட்டும் 5 மி.மீ. ஊசியில் செய்து, முதல் சுற்றில் 4 மி.மீ.க்கு மாறுங்கள். நெற்றியில் கோடு விழுகிற இறுகிய விளிம்புக்குக் காரணம் பெரும்பாலும் சிறிய ஊசியில் ஏற்றியதுதான்.

2. வட்டமாக இணைப்பது. எல்லாக் கண்ணிகளின் அடிவிளிம்பும் உட்பக்கமே பார்க்கிறதா என்று ஊசியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் முறுக்கியிருந்தாலும் குல்லா முறுக்கிய வளையமாகத்தான் வளரும். முதல் சுற்றின் முடிவில் கவனித்தால் கண்ணிகளுக்கு நடுவே உள்ள நூலில் அதைத் திருப்பிவிடலாம். நாலைந்து சுற்றுக்குப் பிறகு பிரிப்பதைத் தவிர வழியே கிடையாது. சரி என்று தெரிந்ததும் மார்க்கர் போட்டு இணையுங்கள்.

3. ரிப். இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று 6 செ.மீ. மடித்துப் போடுகிற விளிம்பு வேண்டும் என்றால் 12 செ.மீ., அப்போது மொத்த உயரத்திலும் 6 கூட்டிக்கொள்ள வேண்டும், 100 கிராம் உருண்டையும் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். காதை இரண்டு மடிப்பு மூடுவதால் வெளியில் இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் நூல் தகும். பிறந்த குழந்தைக்கு 3 செ.மீ. ரிப் போதும்.

4. உடல். 5 மி.மீ. ஊசிக்கு மாறி, எல்லாச் சுற்றும் நிட். ஏற்றிய விளிம்பிலிருந்து 16 செ.மீ. (மற்ற அளவுகளுக்கு மேலே பட்டியலில் உள்ள உயரம்) வந்ததும் நிறுத்துங்கள். அளக்கும்போது மேசைமேல் தட்டையாக வையுங்கள். ஊசியில் தொங்கவிட்டு அளந்தால் எடையில் நீண்டு ஒரு செ.மீ. அதிகமாகக் காட்டும், குல்லா காதுக்கு எட்டாது.

5. உச்சி. முதல் குறைப்புச் சுற்றில் 10 நிட், அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட். இதை எட்டு முறை செய்தால் 88 இருக்கும். அடுத்த சுற்று வெறும் நிட். பிறகு 9 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. மீண்டும் வெறும் சுற்று. இப்படி ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் 48 கண்ணி வரை குறைத்து வாருங்கள். அதன் பிறகும் ஒரு வெறும் சுற்று, அப்புறம் இடைவெளி இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 8 கண்ணியில் நிறுத்துங்கள். கண்ணி குறைந்து ஊசி சுற்றி வராதபோது டபுள் பாயிண்டுக்கு மாறுங்கள். மற்ற அளவுகளுக்கு, மொத்தக் கண்ணியை எட்டால் வகுத்து இரண்டைக் கழித்தால் முதல் குறைப்பில் பின்ன வேண்டிய எண் கிடைக்கும்: 64-க்கு 6, 80-க்கு 8, 88-க்கு 9, 104-க்கு 11. பிறந்த குழந்தைக் குல்லாவில் மட்டும் 48-க்குப் பதில் 32 வரை ஒன்றுவிட்டு ஒன்று.

6. மூடுவது. 25 செ.மீ. நூலை விட்டு வெட்டி, தைக்கும் ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணி வழியாகவும் இரண்டு முறை சுற்றி இழுத்து உள்ளே விடுங்கள். ஒரே முறை விட்டால் சில மாதத்தில் உச்சியில் துளை விழும்.

டபுள் பாயிண்ட் ஊசிகள் சேருமிடத்தில் ஏணி மாதிரி இடைவெளி வந்தால், புதிய ஊசியில் முதல் கண்ணியை அல்ல, இரண்டாவதைப் பின்னியபின் நூலை இறுக்குங்கள். உச்சி கூம்பாக எழுந்து நின்றால் கடைசிப் பகுதியிலும் வெறும் சுற்று போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். முடித்ததும் விளிம்பை இரு கையாலும் இழுத்து டேப்பில் வைத்துப் பாருங்கள். 96 கண்ணிக் குல்லா சிரமமில்லாமல் 58 செ.மீ. வரை வர வேண்டும்.

சதுரங்கள்

இப்போதுதான் பின்னக் கற்கிறவர்களுக்கு இதுதான் சரியான வேலை. ஒருவர் முழுப் போர்வை பின்ன மாதக்கணக்கில் ஆகும், 35 பேர் ஆளுக்கொரு சதுரம் தந்தால் சீக்கிரம் கூடிவிடும். 20 செ.மீ. சதுரங்கள் ஐந்துக்கு ஏழு என்று வைத்தால் 100-க்கு 140 செ.மீ. போர்வை, நூல் சுமார் ஒரு கிலோ. அமெரிக்காவின் வார்ம் அப் அமெரிக்கா அமைப்பு சதுரத்துக்குப் பதில் 7-க்கு 9 அங்குலத் துண்டு கேட்கிறது, 49 துண்டு சேர்ந்து ஒரு போர்வை. உங்கள் பெறுமிடம் எந்த அளவு சொல்கிறதோ அதுவே.

சிக்கல் எப்போதும் அளவில்தான். ஆளாளுக்குக் கை இறுக்கம் வேறு. "40 கண்ணி ஏற்றுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் 17 செ.மீ. முதல் 24 வரை எல்லா அளவிலும் வரும், தைக்கிறவர் பாடு திண்டாட்டம். மூலைக்கு மூலை பின்னும் முறையில் அந்த வில்லங்கம் இல்லை, ஏனென்றால் அதில் எண்ணிக்கை கிடையாது, டேப் மட்டும்தான். 3 கண்ணி ஏற்றுங்கள். எல்லா வரிசையும் நிட். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி நிட், அடுத்த கண்ணியில் முன்னும் பின்னும் பின்னி இரண்டாக்கி, மீதியெல்லாம் நிட். முக்கோணத்தின் சாய்ந்த பக்கவிளிம்பு 20 செ.மீ. ஆனதும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நிட். கடைசி மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கி முடியுங்கள்.

வந்த சதுரங்களை நூல் வகைப்படி பிரித்த பிறகே சேருங்கள். கம்பளிச் சதுரம் ஒன்று அக்ரிலிக் போர்வைக்குள் நுழைந்தால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். தைப்பதற்கும் போர்வை எந்த வகையோ அதே நூல். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தூக்கத்துக்குத் தளர்வான போர்வை பாதுகாப்பில்லை என்பதால், சிசுப் பிரிவுகள் போர்வை கேட்டால் எதற்கு, என்ன அளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மப்ளரும் கையுறையும்

மப்ளர் சுலபம்: 5 மி.மீ. ஊசியில் 36 கண்ணி, எல்லா வரிசையும் நிட், 160 செ.மீ. நீளம், 200 முதல் 250 கிராம். ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் வரும் ஸ்டாக்கினெட் பின்னல் மட்டும் வேண்டாம், இரண்டு பக்கமும் சுருண்டு குழாயாகிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு மப்ளரே வேண்டாம், கழுத்தில் சுற்றி மாட்டும் ஆபத்து உண்டு. தலைவழியாகப் போடுகிற கழுத்து வளையம் போதும்.

கையுறை 4 மி.மீ. ஊசியில், மற்றவற்றைவிட நெருக்கமாக. ஊசி பெரிதானால் காற்று உள்ளே புகும். விரல் பிரிக்காத மிட்டனே போதும், நான்கு விரலும் சேர்ந்திருந்தால்தான் சூடும் நிற்கும். இரண்டு நிற டிசைனில் உட்பக்கம் நீளமாக ஓடும் நூல் பிள்ளைகளின் விரலை மாட்டும், சிசுக்களுக்கு அது விரலைச் சுற்றி இறுக்கவும் கூடும். ஜோடியைப் பின்னி முடித்ததும் வேறு நிற நூலால் இரண்டையும் ஒரு தையல் போட்டுச் சேர்த்துவிடுங்கள். பெட்டியில் ஒற்றைக் கையுறையைத் தேடுவது போன்ற எரிச்சல் இந்த வேலையில் வேறில்லை.

நூல்முனை, துவைப்பு, சீட்டு

வெட்டிய முனைகள் 15 செ.மீ.யாவது இருக்கட்டும். பின்னலின் உட்புறமாக ஒரு திசையில் நாலைந்து செ.மீ., திரும்பி எதிர்த்திசையில், மறுபடியும் ஒருமுறை என்று விட்டு, பொருளை நன்றாக இழுத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள். முடிச்சு போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டு வழியிலும் நஷ்டம்: அவிழாவிட்டால் தலையில் குத்தும், அவிழ்ந்தால் பின்னலே ஓடும்.

பிறகு துவையுங்கள், பெறுமிடத்தில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே. அங்கே கெட்டுப்போவது இங்கேயே தெரிந்துவிடும். சிகரெட், கற்பூரம், பூச்சி உருண்டை, செல்லப்பிராணி முடி எதன் வாடையும் மூச்சுத் தொந்தரவு உள்ளவருக்கு ஆகாது என்பதால் வாசனையில்லாத சோப்பே போடுங்கள். அக்ரிலிக்கை இஸ்திரி போட வேண்டாம். சூடு பட்டதும் இழை இளகி, ரிப்பின் பிடிப்பு போய், துணி மாதிரித் தொங்கிவிடும், அது திரும்ப வராது.

சீட்டில் நான்கே விவரம்: அளவு, நூல் வகை, துவைக்கும் முறை, கையால் பின்னியது என்ற வார்த்தை. வாழ்த்து எழுத ஆசைப்படுபவர்கள் ஒரு வரியோடு நிறுத்தலாம். பின்னியவரின் பெயரும் எண்ணும் வேண்டாம். சீட்டை நூலால் கட்டுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் எதுவும் கூடாது, ஒன்று உள்ளே தங்கினாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெட்டி

மூடியுள்ள பெட்டியாக இருக்கட்டும். திறந்த கூடை என்றால் தூசி சேரும், பழைய துணியும் வந்து விழும். ஒட்டுகிற கடைசித் தேதி, ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக இருக்க வேண்டும், தாமதமாக வருகிறவர்கள் எப்படியும் அந்த இரண்டு வாரத்தைச் சாப்பிட்டுவிடுவார்கள். குளிர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பொருள் போய்ச் சேர வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பைகள் கடையை விட்டுக் கிளம்ப நான்கு மாதம் முன்னதாகவே தயாராக வேண்டியிருக்கும்.

வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் பார்ப்பது ஒருவர் பொறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் விட்டுப்போன கண்ணி தெரியும். கையை உள்ளே விட்டு விரித்தால் தளர்ந்த முனை அகப்படும். டேப்பை வைத்து அளந்து, சீட்டில் எழுதிய அளவு தவறாக இருந்தால் திருத்துங்கள். குல்லாவை அல்ல, சீட்டை. பெரியவருக்கென்று வந்த 44 செ.மீ. குல்லா எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிரமாதமாகப் பொருந்தும். தளர்ந்த முனையை அங்கேயே தைத்துவிடலாம். நூல் வகை பொருந்தாததைத் தனியே வைத்து, அதை ஏற்கும் வேறு இடத்துக்கு அனுப்பலாம். கழுத்தில் தேய்த்தால் அரிக்கிறது, அளவும் எவருக்கும் ஆகாது என்றால் பிரித்து நூலாக்கிக் கூடையில் போடுங்கள், பின்னியவர் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அளவுவாரியாகப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் எண்ணிக்கையும் அளவும் எழுதி, பெட்டியின் மூடிக்குள் மொத்தப் பட்டியலை ஒட்டுங்கள். கொண்டுபோகும் முன் ஒரு முறை அழைத்து, வாங்குகிறவர் அன்று இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒப்படைத்து ஒரு மாதம் கழித்து இன்னொரு அழைப்பு: எந்த அளவு முதலில் தீர்ந்தது, எது இன்னும் அலமாரியில் இருக்கிறது? அடுத்த முறை கடையில் ஒட்டுகிற தாளை இந்தப் பதிலை வைத்து எழுதுங்கள்.